நிலவேம்புக் குடிநீர்: வீட்டு அடுப்பிலிருந்து அரசு மருத்துவமனை வரை

நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சுவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு ஆகிய ஒன்பதையும் சம அளவில் எடுத்து, உலர்த்தி, ஒன்றிரண்டாக இடித்து, தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, கால் பங்காக வற்றியதும் வடிகட்டிக் குடிப்பார்கள். தமிழகத்தில் காய்ச்சலுக்கென்று காய்ச்சப்படும் எத்தனையோ கசாயங்களில் இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர் இதுதான். ஆனால் இந்தப் புகழ் பழையதல்ல. மூலிகைக்கும் மருந்து முறைக்கும் நெடிய வரலாறு உண்டு என்றாலும், அரசு மருத்துவமனை வாசலில் அண்டா வைத்து ஊற்றும் அளவுக்கு அது வந்தது 2006க்குப் பிறகுதான்.

நிலவேம்பு மரமல்ல, செடி. முழங்கால் உயரம் முதல் இடுப்புயரம் வரை வளரும். மழைக்காலத்தில் தழைத்து, ஓராண்டுக்குள் பூத்துக் காய்த்து மடிந்துவிடும். பல ஊர்களில் இதைச் சிறியாநங்கை என்றே அழைக்கிறார்கள். பாம்பு வராது என்று நம்பி வீட்டு வாசலிலும் கொல்லையிலும் வைத்து வளர்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வேப்பிலையைவிடக் கடுமையான கசப்பு இதன் இலையிலும் தண்டிலும் ஏறியிருக்கும். பூக்கும் பருவத்தில் அந்தக் கசப்பு உச்சத்தில் இருப்பதால் அப்போதுதான் சமூலமாக, அதாவது வேரோடு பிடுங்கி, நிழலில் உலர்த்துவார்கள்.

மற்ற எட்டுச் சரக்குகளும் தமிழ்நாட்டு நிலத்தோடு ஒட்டியவைதான். கோரை நெல்வயலில் களையாக முளைக்கும். உழவருக்குத் தொல்லை தரும் அதன் கிழங்கு வைத்தியருக்குச் சரக்கு. பேய்ப்புடல் வேலியில் படரும் காட்டுப்புடல். பற்பாடகம் மணற்பாங்கான தரிசில் தரையோடு தரையாகக் கிடக்கும் சிறு செடி. விலாமிச்சின் கதை வேறு. காட்டில் இயல்பாக வளர்ந்த நிலையில் இப்போது அது கிடைப்பதில்லை. கொள்ளிடக் கரை போன்ற சில இடங்களில் பயிரிடுவோரின் கைகளில்தான் பிழைத்திருக்கிறது. கோயில் மாலைகளுக்காகவும் மருந்துக்காகவும் அதை நட்டு வளர்க்கும் அந்தச் சில குடும்பங்கள் கைவிட்டால் இந்தக் குடிநீரில் ஒரு சரக்கு நிரந்தரமாகக் குறைந்துவிடும். சந்தனம் நெடுங்காலம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த மரம், விலையும் அதிகம். அதனால் ஒன்பதில் முதலில் குறைக்கப்படுவதும் போலி கலக்கப்படுவதும் சந்தனம்தான்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தவர்கள் நாட்டு மருந்துக் கடைக்காரர்கள். சென்னைப் பூங்கா நகரின் இராசப்ப செட்டித் தெரு போன்ற கடைத்தெருக்களில் மலைச்சரக்கும் கடற்சரக்கும் கரைச்சரக்கும் மூட்டையாக வந்து இறங்கின. வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துச் சரக்கை நிறுத்து, தாளில் பொட்டலம் கட்டிக் கொடுப்பது கடைக்காரரின் வேலை. இடித்துக் காய்ச்சுவது வீட்டுப் பெண்களின் வேலை. குடிநீர் ஒரு தொழிற்சாலைப் பண்டமாக மாறாமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம்.

இன்னொரு காரணம் மருந்தின் தன்மையிலேயே இருக்கிறது. சித்த மருத்துவம் உள்ளே கொடுக்கும் மருந்துகளை 32 வகையாகவும் வெளியே பூசும் மருந்துகளை 32 வகையாகவும் பிரிக்கிறது. உள்மருந்துகளில் சாறு, சுரசம், குடிநீர், கற்கம், உட்களி, அடை ஆகிய ஆறுக்கும் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணம் மூன்று மாதம் தாங்கும். பற்பமும் செந்தூரமும் பல ஆண்டுகள் தாங்கும். காலையில் காய்ச்சிய குடிநீரை மாலையில் குடிக்கக் கூடாது என்பது பாட்டிமார் சொன்ன வெறும் கட்டுப்பாடு அல்ல, மருந்து நூலின் விதி. நீரில் இறங்கிய தாவரச் சத்து சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும் என்பதை நுண்ணுயிரியல் தெரியாத காலத்திலேயே கண்டு வைத்திருந்தார்கள். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) போன்ற வைத்தியர்கள் மாத்திரைகளைத் தமிழகத்துக்கு வெளியேயும் விற்றுப் பெரும் பெயர் பெற்றார்கள். குடிநீரை அப்படி அனுப்ப முடியாது. காய்ச்சல்காரர் இருக்கும் வீட்டிலேயே அது காய்ந்தாக வேண்டும்.

காய்ச்சலைச் சித்த நூல்கள் சுரம் என்று குறித்து, அதை நுணுக்கமாக வகை பிரித்தன. யூகி முனிவர் பெயரில் வழங்கும் நூல் மரபு சுரத்தை 64 வகையாக்குகிறது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் எது மிகுந்தது, எந்த இரண்டு சேர்ந்து கெட்டன என்பதைப் பொறுத்துச் சுரத்தின் பெயரும் மருந்தும் மாறும். நிலவேம்புக் குடிநீரின் சேர்க்கை இந்தக் கணக்கில்தான் அமைந்தது. கசப்பும் குளிர்ச்சியும் கொண்ட நிலவேம்பு, பேய்ப்புடல், பற்பாடகம் ஆகியவை சுரத்தின் வெப்பைத் தணிக்க. வெட்டிவேர், விலாமிச்சு, சந்தனம் தாகத்தையும் எரிச்சலையும் ஆற்ற. சுக்கும் மிளகும் கோரைக்கிழங்கும் மந்தமான பசியைத் தூண்ட. குளிர்ச்சிச் சரக்கு மிகுந்து வயிறு கெட்டுவிடாதபடி காரச் சரக்கு எதிரே நிற்கிறது. நவீன மருந்தியல் இந்தச் சொற்களை ஏற்பதில்லை. ஆனாலும் ஒன்பது சரக்கும் ஏதோ கைக்கு வந்தபடி கூட்டப்பட்டவை அல்ல என்பதை இந்த அமைப்பே காட்டுகிறது.

ஐரோப்பியர் தமிழ் மருத்துவத்தைக் கூர்ந்து கவனித்த இடங்களில் ஒன்று தரங்கம்பாடி. 1706இல் மிஷனரி சீகன்பால்கு அங்கு வந்து இறங்கினார். அவருக்குப் பின் வந்த மிஷனரி யோகான் எர்ன்ஸ்ட் கிரூண்ட்லர், தமிழ் வைத்தியர்களிடம் கேட்டறிந்ததை 1711இல் ‘மலபார் மருத்துவர்’ என்ற பொருள் தரும் தலைப்பில் ஜெர்மன் மொழியில் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு மருந்துப் பெட்டிகள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில் தமிழ் மருத்துவ அறிவு எதிர்த் திசையில் பயணம் செய்தது.

அடுத்த நூற்றாண்டில் இந்த ஆர்வம் ஆட்சியின் தேவையாயிற்று. கம்பெனிப் படைகளிலும் அலுவலகங்களிலும் காய்ச்சல் ஓயாத பகை. இங்கிலாந்திலிருந்து வரும் மருந்தோ விலை கூடியது, வழியில் கெட்டும் போகும். சென்னை மாகாணத்தில் அறுவை மருத்துவராக இருந்த ஒயிட்லா எய்ன்ஸ்லி 1813இல் இந்துஸ்தான மருந்துச் சரக்குகள் பற்றிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். அதுவே விரிந்து 1826இல் இலண்டனில் ‘மெட்டீரியா இண்டிகா’ என்று இரண்டு தொகுதிகளாக வந்தது. சரக்குகளின் தமிழ்ப் பெயர்களையும் தமிழ் வைத்தியர்கள் அவற்றைப் பயன்படுத்தும் விதத்தையும் அவர் பதிவு செய்தார். 1868இல் எட்வர்டு ஜான் வேரிங் தொகுத்த இந்திய மருந்துக் கோவையில் நிலவேம்பு ‘காரியத்’ என்ற பெயரில் இடம்பெற்றது. மறு ஆண்டே, சென்னையில் பணியாற்றிய மருத்துவர் முகையதீன் செரீப் அந்தக் கோவைக்குத் துணைநூல் எழுதி, உள்நாட்டுப் பெயர்களில் இருந்த குழப்பங்களைத் திருத்தினார். ஒரே பெயரில் இரண்டு செடியும் ஒரே செடிக்கு நான்கு பெயரும் வழங்கிய நாட்டில் அவருடைய உழைப்பு எவ்வளவு பெரியது என்பதை இன்றைக்கும் சரக்கு வாங்கப் போகிறவர் உணர்வார்.

இந்தத் தேடலுக்குப் பின்னால், சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா இருந்தது. தென் அமெரிக்கச் சிங்கோனா மரத்தை நீலகிரியில் நட்டு, மலேரியாவுக்கு மலிவான மருந்து எடுக்க 1860களில் அரசு முயன்றது. கசப்பான பட்டை காய்ச்சலைத் தீர்த்ததால், வேறு கசப்புச் செடிகளும் தீர்க்குமா என்ற கேள்வி எழுந்தது. நிலவேம்பு அப்படிச் சோதிக்கப்பட்ட கசப்புகளில் ஒன்று. கொய்னாவுக்கு அது ஈடாகவில்லை. ஆனால் பசியின்மை, காய்ச்சலுக்குப் பிந்தைய சோர்வு ஆகியவற்றுக்கு நல்ல கசப்பு மருந்து என்ற மதிப்பைப் பெற்றது. 1900இல் பிரிட்டிஷ் மருந்துக் கோவைக்கு இந்தியாவுக்கும் குடியேற்ற நாடுகளுக்குமென்று வந்த பிற்சேர்க்கையில் நிலவேம்பு அதிகாரபூர்வ மருந்தாக இருந்தது.

அங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் கோவை ஒரே ஒரு செடியை எடுத்துக்கொண்டு, அதைக் கொதிநீரில் ஊறவைத்துத் தேநீர்போல வடிக்கச் சொன்னது. சாராயத்தில் ஊறவைத்த வடிவையும் சேர்த்தது. தமிழ் வைத்தியர்கள் ஒன்பது சரக்கைச் சேர்த்து, கால் பங்காகும் வரை வற்றக் காய்ச்சினார்கள். இரண்டும் ஒரே மருந்தல்ல. 1911இல் கோர்ட்டர் என்ற வேதியியலாளர் நிலவேம்பின் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்து ஆண்ட்ரோகிராபோலைடு என்று பெயரிட்டபின், ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒற்றைச் செடியின் பக்கமே, அந்த ஒற்றைப் பொருளின் பக்கமே சாய்ந்தது. ஒன்பது சரக்குக் கூட்டை அப்படியே எடுத்து ஆராய நூறாண்டு பிடித்தது.

இடைப்பட்ட காலத்தில் சித்த மருத்துவம் தன் இருப்புக்கே போராடியது. உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை மாகாண அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி மேலை மருத்துவம் படித்தவர். உள்நாட்டு முறைகளுக்கும் அறிவியல் அடிப்படை உண்டென்று வாதாடியவர். 1923இல் அறிக்கை வெளிவந்தது. 1924இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி அமைந்தது; சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1944இல் இந்திய மருத்துவர்களின் கூட்டுறவு மருந்துச் செய்நிலையமான இம்காப்ஸ் உருவாயிற்று. ஆனால் பள்ளி கல்லூரியாக வளர்ந்து, மேலை மருத்துவப் பாடங்கள் ஏறிக்கொண்டே போய், 1960இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறிவிட்டது. சித்தத்துக்கென்று தனிக் கல்லூரி 1964இல் பாளையங்கோட்டையில்தான் கிடைத்தது. அந்தக் கல்லூரி வந்திராவிட்டால் நிலவேம்புக் குடிநீர் இன்று ஏட்டிலும் சில குடும்பங்களின் நினைவிலும் மட்டும் இருந்திருக்கக்கூடும். ஏட்டுச் சுவடிகளிலும் வைத்தியர் குடும்பங்களிலும் சிதறிக் கிடந்த முறைகள் ‘சித்த வைத்தியத் திரட்டு’ போன்ற அச்சு நூல்களில் தொகுக்கப்பட்டு, மாணவர் படிக்கும் பாடமாக நிலைபெற்றன. அரசே மருந்து செய்யும் டாம்ப்கால் நிறுவனம் 1983இல் வந்தது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் ஓய்ந்திருந்த சிக்குன்குனியா 2005 இறுதியில் திரும்பி, 2006இல் தென்மாநிலங்களைப் படுக்கையில் தள்ளியது. நாடெங்கும் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. மூட்டுகள் வீங்கி, எழுந்து நடக்க முடியாமல், வலி மாத்திரை தவிர வேறு மருந்தில்லை என்று அனுப்பப்பட்டவர்கள் சித்த மருத்துவப் பிரிவுகளைத் தேடி வந்தார்கள். நிலவேம்புக் குடிநீர் மக்கள் பெயரறிந்து கேட்கும் மருந்தானது அப்போதுதான்.

2012இல் டெங்கு. தமிழகத்தில் 12,000க்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் உறுதியானது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். திருநெல்வேலி மாவட்டத்தில், குறிப்பாகக் கடையநல்லூர்ப் பகுதியில், அது கடுமையாகத் தாக்கியது. சித்தக் கல்லூரி இருந்ததும் அதே மாவட்டத்தில். அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் மலைவேம்பு இலைச் சாறும் கொடுக்க அரசே முன்வந்தது. அதன்பின் ஒவ்வோர் ஐப்பசியிலும், மழை பெய்து கொசு பெருகும்போதெல்லாம், பேருந்து நிலையத்திலும் பள்ளியிலும் கோயில் வாசலிலும் கட்சிகளும் மன்றங்களும் அண்டா வைத்து ஊற்றுவது வழக்கமாயிற்று. நோயாளியைப் பார்த்து, நாடி பிடித்து, சுரத்தின் வகையறிந்து கொடுத்த மருந்து, வரிசையில் நிற்பவருக்கெல்லாம் ஊற்றும் பானமாக மாறியது. ஒரு சாம விதி அங்கே எத்தனை இடங்களில் காக்கப்பட்டது என்பது ஐயத்துக்குரியது.

2017இல் டெங்கு இன்னும் பெரிதாக வந்து, தமிழகத்தில் 23,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். உரிய ஆய்வு முடியும் வரை நிலவேம்பை விநியோகிக்க வேண்டாம் என்று அந்த அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் தம் நற்பணி இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டது பெரும் சர்ச்சையானது. அவர்மேல் புகார் கொடுக்கும் அளவுக்குச் சென்றது. மரபைத் தாக்குவதாக ஒரு சாராரும் மூடநம்பிக்கைக்கு எதிரான குரல் என்று மறு சாராரும் எடுத்துக்கொண்டார்கள். கேள்வி நியாயமானது, அதற்கு விடை ஆய்வகத்திலும் நோயாளிகளிடமும் தேடப்பட வேண்டியது, மேடையில் அல்ல. ஒன்பது சரக்குக் கூட்டையே எடுத்து டெல்லியிலுள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்ப மையத்தின் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வளர்ப்புச் செல்களில் டெங்கு, சிக்குன்குனியா வைரசுகளுக்கு எதிராக அது வேலை செய்வதாக முடிவு வெளியானது. இது நல்ல தொடக்கம். ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பது உடம்பில் நடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அவர்கள் சோதித்ததும் சாராயத்தில் இறக்கிய சத்து, வீட்டில் காய்ச்சும் குடிநீர் அல்ல.

2020இல் கொரோனா வந்தபோது முன்னால் நின்றது நிலவேம்பின் உறவான கபசுரக் குடிநீர். சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, கற்பூரவள்ளி, சீந்தில் முதலிய 15 சரக்குகளில் நிலவேம்பும் ஒன்று. ஏப்ரல் மாதம் தமிழக அரசு ‘ஆரோக்கியம்’ திட்டத்தின்கீழ் இந்தக் குடிநீர்ப் பொடிகளை வழங்கத் தொடங்கியது. நாட்டு மருந்துக் கடைகளில் சரக்குகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கொரோனா தொற்றியும் அறிகுறியில்லாத 60 பேரிடம் கபசுரக் குடிநீரை வைட்டமின் சி, துத்தநாகம் ஆகியவற்றோடு ஒப்பிட்ட ஆய்வொன்றில் வைரசின் அளவு குடிநீர் குடித்தோரிடம் கூடுதலாகக் குறைந்தது. யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு அது, ஆட்களும் குறைவு. அதை வைத்து நோயைத் தீர்க்கும் என்று அறிவிப்பது மருந்துக்கே செய்யும் அநீதி.

நிலவேம்பு தமிழகத்துக்கு மட்டும் உரியதல்ல. சீன மருத்துவத்தில் அதற்கு நிலையான இடமுண்டு. தாய்லாந்து 1999இல் அதைத் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கொரோனாவுக்கும் அங்கே அதை மாத்திரையாகக் கொடுத்தார்கள். அதன் பயனைக் காட்டுவதாக வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, கணக்கில் பிழையிருந்ததால் 2021இல் ஆய்வாளர்களாலேயே திரும்பப் பெறப்பட்டது.   நிலவேம்பைப் பற்றி உலகெங்கும் நடந்த 33 ஆய்வுகளை, 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு, 2017இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சளி, இருமல், தொண்டை வலி ஆகியவற்றின் துன்பத்தை அது குறைப்பதாகத் தெரிந்தது. ஆய்வுகளில் பல தரம் குறைந்தவை என்றும் அவர்கள் சேர்த்தே எழுதினார்கள்.

தீங்கும் இல்லாமல் இல்லை. நிலவேம்பு சேர்ந்த மருந்துகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்ததை ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பதிவு செய்து எச்சரித்திருக்கிறது. விலங்குகளில் நடந்த சோதனைகள் கருவுறுதலைப் பற்றிய ஐயத்தை எழுப்பியதால் கருவுற்ற பெண்கள் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டபின்பே குடிக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாம். தரமான கடையில், அரசு உரிம எண் உள்ள பொடியை வாங்கி, ஐந்து கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர் விட்டு 60 மில்லியாக வற்றக் காய்ச்சி, மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஆனால் இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ குடிநீரை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்து தொடங்கும் நாள். உடனே மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.